முப்பது நாளில் பத்து கிலோ: ஒரு தையல்காரரின் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் டீக்கடையில் பருப்பு வடையை வைத்துக் கொடுத்தது உங்கள் பேப்பரில் தான். (வடையை அச்சடித்த தாளில் மடித்துத் தரக் கூடாது, மை ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது, எங்கள் தெருவில் யாரும் கேட்பதாக இல்லை.) எண்ணெயைப் பிழிந்துவிட்டுக் கசக்கிப் போடப் போகும்போது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 30 நாளில் 10 கிலோ குறையலாம், பத்தியம் கிடையாது, உடற்பயிற்சி கிடையாது, தொப்பை இருந்த இடம் தெரியாது. இடது பக்கம் வயிறு தள்ளிய ஒருவர், வலது பக்கம் அதே ஆள் ஒல்லியாக. எண்ணெய் ஊறி இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராகத் தெரிந்தார்கள்.

விளம்பரத்துக்கும் ஆசிரியருக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லலாம், சரி, ஆனால் படிக்கிறவனுக்கு எல்லாம் ஒரே பேப்பர் தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் விருதுநகரில் 31 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, டயட்டீஷியன் இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் யார் இடுப்பு எத்தனை இஞ்ச், அது போன தீபாவளிக்கு எத்தனை இருந்தது என்பது என் அளவு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். வேகமாக இளைத்தவர்கள் வேகமாகத் திரும்பி வருகிறார்கள். மார்ச் மாதம் ஒருத்தர் வருவார். "அண்ணாச்சி, பேண்ட் எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு, மூணு இஞ்ச் பிடிச்சுக் குடுங்க" என்பார். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை. நானும் பிடித்துத் தருவேன். பின் தையலில் உள்ளே இருக்கும் துணியை மட்டும் வெட்ட மாட்டேன். ஆயுத பூஜைக்குள் அந்தப் பேண்ட் அந்த ஆளோடு திரும்பி வரும், பிரித்துவிடச் சொல்லி. அப்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஏனென்றால் நானே அப்படித் திரும்பி வந்தவன் தான்.

2017இல் எனக்கு 46 வயது, 84 கிலோ, தொப்புள் மட்டத்தில் 41 இஞ்ச். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்னார்கள். பயந்துபோய், தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டாரென்று ஒரு பவுடர் கும்பலில் போய்ச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். காலையிலும் இரவிலும் தண்ணீரில் கலக்கி ஒரு டம்ளர் பவுடர், மதியம் மட்டும் அரை வயிற்றுச் சாப்பாடு, மாதம் ஏழாயிரம் சொச்சம் செலவு. 21 நாளில் 6 கிலோ போனது. என்னைச் சுற்றி நிற்க வைத்துக் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த 21 நாளில் நான் மனுஷனாக இல்லை என்பதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். கடையில் காஜா எடுக்கிற பையனைக் காரணமே இல்லாமல் திட்டினேன், ஒரு கல்யாண சஃபாரி துணியில் கையைத் தப்பாக வெட்டி, என் காசில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். இரண்டாவது மாதம் பவுடருக்குக் காசு இல்லை, வாய்க்கும் பொறுமை இல்லை. ஏழே மாதத்தில் போன 6 கிலோவும் வந்து, கூட 2 கிலோ கூட்டிக்கொண்டும் வந்தது.

ஏன் இப்படி என்று எனக்கு விளக்கியவள் மதுரையில் மனையியல் படித்த என் மகள். பில் போடுகிற நோட்டின் பின்பக்கத்தில் அவள் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன், உங்கள் வாசகர்களும் போட்டுப் பார்க்கட்டும். உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. பத்து கிலோ என்றால் 77,000. அதை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 2,566 கலோரி குறைய வேண்டும். என்னைப் போல உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் காலையில் எழுந்து ராத்திரி படுக்கும் வரை, தூங்கும் நேரத்தையும் சேர்த்துச் செலவழிப்பதே ஏறக்குறைய 2,000 தான். அதாவது பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து முப்பது நாள் கிடந்தால்கூட, பத்து கிலோ கொழுப்பு போக வழியில்லை. விளம்பரத்தில் சொல்கிறபடி நடக்க வேண்டுமென்றால் செத்துத்தான் போக வேண்டும்.

அப்படியானால் என் 6 கிலோ எங்கே போனது? முதல் வாரத்தில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும், ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் கரைவது அது. எடை மிஷினில் முள் சர்ரென்று இறங்கும், நமக்கு மனசு குளிர்ந்துபோகும். மறுபடி நாலு நாள் சோறு சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். மிச்சம் போனதில் கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் சதை. பருப்பு முட்டை எதுவும் போதுமான அளவு இல்லாமல் பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும், திரும்ப எடை ஏறும்போது தசையைவிடக் கொழுப்பாகத் தான் அதிகம் ஏறும். அமெரிக்காவில் டிவி போட்டியில் தடாலடியாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்களாம். பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரி, இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 போலக் குறைந்தும் போயிருந்தது. கஞ்சன் கையில் காசு போன மாதிரி உடம்பு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஆம்பிளைகளிடம் இடுப்பு எத்தனை என்று கேட்டால் "எப்பவும் 34 தான் அண்ணாச்சி" என்பார்கள், பத்து வருடமாக அதே 34. பொய் இல்லை, பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள், வயிறு பட்டிக்கு மேலே தொங்குகிறது, பட்டி மட்டும் 34. பேண்ட் சைஸை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், ஏறக்குறைய தொப்புளை ஒட்டி, மூச்சை விட்டபிறகு டேப்பைச் சுற்றிப் பாருங்கள். இந்தியர்களுக்கு என்று டாக்டர்கள் வைத்திருக்கிற அளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. எங்கள் கணக்கில் 35½ இஞ்ச், 31½ இஞ்ச். வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கும் அளவைவிட இது குறைவு, ஏனென்றால் நமக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்த்தான் அடைகிறது. 'நான் என்ன குண்டா' என்று கேட்கிற ஒல்லி ஆட்கள் பலபேர் என் டேப்பில் மாட்டியிருக்கிறார்கள்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் அதிக எடை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31, 28. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ஏறியதற்கு ஒரே காரணம் சொல்ல யாராலும் முடியாது. என் வயிற்றுக்கு மட்டும் என்னால் சொல்ல முடியும். 2012 வரை எனக்குக் கால் மிஷின், நாள் முழுக்க மிதிப்பேன். அதில் மோட்டார் மாட்டினேன், வேலை இரண்டு மடங்கு ஓடியது, கால் சும்மா ஆனது. சாப்பாடு மட்டும் பழையபடியே. மோட்டாரைத் திட்டி எழுதவில்லை, அதைக் கழற்றவும் போவதில்லை. கால் நின்றால் தட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்க வேண்டும், எனக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மகள் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, இப்போ ஆரம்பிக்கிறதை அறுபது வயசுலயும் செய்வீங்களா? செய்ய மாட்டீங்கன்னா ஆரம்பிக்கவே வேண்டாம்." அந்தக் கேள்வியில் பவுடர் அடிபட்டுப் போனது. வெறும் வயிற்றில் கொள்ளுத் தண்ணீர் அடிபட்டது, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன 'சோறே தொடாதே' அடிபட்டது. மிஞ்சியது டீ.

தையல் கடை ஓடுவது டீயில். வாடிக்கையாளர் வந்தால் டீ, துணிக்கடைக்காரர் வந்தால் டீ, கரண்ட் போனால் டீ. எண்ணிப் பார்த்தால் நாளைக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம். மொத்தம் 60 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாளைக்கு 25 கிராம் தாண்டாதே என்கிறார்கள் (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் சின்னதாக ஆரம்பித்து ஹைதராபாத்துக்குப் போனது, நம்ம ஊர் பேச்சு தான், கேட்கலாம்). 60 கிராம் சர்க்கரை 240 கலோரி. மாதத்துக்கு 7,200. மேலே சொன்ன 7,700ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நான் தட்டில் ஒரு பருக்கை குறைக்காமல், டீயை மூன்றாக்கி, சர்க்கரையை முதலில் பாதியாக்கி, அப்புறம் நிறுத்தினேன். நாலு வாரம் டீ கஷாயம் மாதிரி இருந்தது. இப்போது யாராவது தெரியாமல் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பாயசம் குடிப்பது போல இருக்கிறது.

டீ நின்ற இடத்தில் வடையும் பாதி நின்றது, ஏனென்றால் வடை டீக்குத் துணையாகத் தான் வந்துகொண்டிருந்தது.

அடுத்து எண்ணெய். எங்கள் ஊர் எண்ணெய் ஊர், வாசனையிலேயே வளர்ந்தவர்கள். பரோட்டாவையே எண்ணெயில் பொரித்து எடுக்கிற ஊர். வீட்டில் நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் ஆகும், அதாவது ஆளுக்கு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், வெளியில் தின்பது தனி. செக்கு எண்ணெய் தானே, உடம்புக்கு நல்லது தானே என்று அள்ளி ஊற்றுவோம். செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி தான். நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான், பெயர் மாறினால் கலோரி மாறுவதில்லை. கம்பு, சாமை நல்லவை, நார்ச்சத்து உண்டு, ஆனால் சிறுதானியம் தானே என்று இரண்டு பங்கு சாப்பிட்டால் அரிசிச் சோறு இரண்டு பங்கு சாப்பிட்ட மாதிரியே தான். உங்கள் இணைப்பிதழில் வரும் சமையல் குறிப்புகளில் இதை ஒரு வரி சொல்லலாமே ஐயா, 'ஆரோக்கியமான' என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே 'எண்ணெய் தேவையான அளவு' என்கிறீர்கள், எங்கள் வீட்டுத் தேவையான அளவு எது என்பது தானே பிரச்சினையே. 2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலியில் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே 5 லிட்டர் 3 ஆகியிருந்தது. ஒரே ஒரு மாற்றம் தான், பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுவதை நிறுத்தி ஸ்பூனால் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

சோற்றை நான் விடவில்லை. விட்டிருந்தால் இந்நேரம் பழைய வயிறு வந்திருக்கும். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை சோறு விழும், அந்தப் பழக்கம் கல்யாணப் பந்தியிலிருந்து வந்ததோ என்னவோ. இப்போது ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன், சமைத்த சோறு அதில் ஒன்றரை, அதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். தட்டில் முதலில் காய் விழ வேண்டும், அதற்கப்புறம் பருப்போ முட்டையோ சுண்டலோ மீனோ ஏதாவது ஒன்று, கடைசியில் சோறு. தட்டில் விழும் வரிசையை மாற்றியதில் தான் எனக்கு அதிகம் பிடிபட்டது. முதலில் சோற்றை மலையாகக் கொட்டிவிட்டுக் காயை ஓரத்தில் வைத்தால் கை சோற்றுப் பக்கம் தான் போகும். அதே 2024 வழிகாட்டியில் மொத்தக் கலோரியில் தானியம் 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நம் தட்டில் முக்கால்வாசி சோறு, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம், அது எத்தனையோ வீட்டு அடுப்பை எரிய வைத்தது, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அரிசி சும்மா வருகிறது, காய் காசுக்கு வருகிறது, அப்புறம் தட்டு எப்படி இருக்கும்?

பரோட்டா பற்றிச் சொல்லாமல் விருதுநகர்க்காரன் கடிதத்தை முடிக்க முடியாது. வாரம் மூன்று ராத்திரி, ஒரு தடவைக்கு நாலு, சால்னாவோடு. அதை இனி தொடவே மாட்டேன் என்று 2017இல் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து பத்தொன்பதாம் நாள் ஆறு தின்றேன். இப்போது மாதம் இரண்டு முறை, தடவைக்கு இரண்டு, உட்கார்ந்து, நிதானமாக, குற்ற உணர்ச்சி இல்லாமல். போன மாதம் பரோட்டா மாஸ்டர் கேட்டார், "என்ன அண்ணாச்சி, கடை மேல கோபமா?" என்று. இல்லை, பேண்ட் மேல் பயம் என்றேன். சாத்தூர் காராச்சேவு வீட்டுக்கு வந்தால் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, பொட்டலத்தோடு மடியில் வைத்து டிவி பார்ப்பதில்லை. அதே சாத்தூரில் வெள்ளரிக்காயும் பேர் போனது தான், நமக்குத் தான் சேவு மட்டும் ஞாபகம் வரும்.

ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள், காலையில் முக்கால் மணி நேரம் நடை. நடையால் மட்டும் வயிறு கரையாது என்பதையும் அனுபவத்தில் பார்த்தேன், நடந்து முடித்து இரண்டு இட்லி கூடப் போட்டால் கணக்குச் சரியாகிவிடுகிறது. வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கிற பெல்ட், எண்ணெய், மசாஜ் எதுவும் கிடையாது, உடம்பு அதற்கு எங்கிருந்து எடுக்கத் தோன்றுகிறதோ அங்கிருந்து தான் எடுக்கும். எனக்கு முதலில் முகம், அப்புறம் கழுத்து, கடைசியாகத் தான் வயிறு. காலர் அளவு அரை இஞ்ச் குறைந்தபோது பட்டியில் ஒரு நூல்கூட நகரவில்லை.

பதினான்கு மாதத்தில் 9 கிலோ. நடுவில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை. 41 இஞ்ச் 36½ ஆனது, இன்னும் அந்த 35½க்கு வரவில்லை, வரும்போது வரட்டும். சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. இதில் எனக்கு ஆச்சரியமில்லை என்றாள் மகள், சென்னையில் எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலேயே சாப்பாடும் நடையும் மட்டும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று சொன்னாள். ஏற்கனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்துச் சோற்றைக் குறைத்து மயங்கி விழ வேண்டாம், டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 2025இல் வந்திருக்கிற எடை குறைப்பு ஊசிகள் பற்றியும் கடையில் கேட்கிறார்கள், அது டாக்டர் வேலை, என் டேப்புக்கு எட்டாத விஷயம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

பெண்கள் விஷயம் வேறு. என் வீட்டம்மா என்னைவிடக் குறைவாகத் தான் சாப்பிடுகிறார் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டில் குறைவு தான். பேரன் மிச்சம் வைத்த ஒன்றரை இட்லி, காலைச் சட்னியின் கடைசிக் கரண்டி, வீணாகுமே என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தின்ற உப்புமா, இதெல்லாம் எந்தத் தட்டிலும் விழவில்லை. "ஏங்க, குப்பையில கொட்டவா சொல்றீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் அளந்து வடித்தோம், மிச்சம் குறைந்தது. கல்யாணத்துக்குத் தைத்த அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இதே அளவுக்கு வந்துருவேன்" என்று சொல்லும் பெண்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். இரண்டு பிள்ளை பெற்று நாற்பது தாண்டிய உடம்பு இருபத்திரண்டு வயது ஜாக்கெட்டுக்குள் எதற்குப் போக வேண்டும்? கைக்குழி பிடிக்காமல், மூச்சு வாங்காமல் மாடி ஏறினால் போதாதா?

கடைசியாக உங்களிடம் இரண்டு கேட்கிறேன். அந்த மாதிரி விளம்பரத்தைப் போடுமுன் 77,000ஐ முப்பதால் வகுத்துப் பார்க்க ஒரு ஆளை வையுங்கள், கால்குலேட்டர் இல்லையென்றால் நான் வாங்கித் தருகிறேன். அடுத்து, '15 நாளில் இளைத்த இல்லத்தரசி' என்று பேட்டி போடுகிறீர்களே, அதே அம்மாவிடம் இரண்டு வருடம் கழித்து ஒரு பேட்டி எடுத்துப் போடுங்கள்.

உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள். தொப்புள் அளவு எடுக்கக் காசு வாங்குவதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அது ஒன்று தான் நிபந்தனை.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
விருதுநகர்.